நடக்காத சந்திப்பு: மேரி ஸ்டூவர்ட்டும் நாடக மேடையும்

ஸ்காட்லாந்து ராணி மேரி ஸ்டூவர்ட்டைப் பற்றிய நாடகமோ படமோ எதுவானாலும், கூட்டம் ஒரு காட்சிக்காகக் காத்திருக்கும். மேரியும் இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தும் எதிரெதிரே வந்து நிற்கும் காட்சி அது. மேரி முதலில் மண்டியிட்டுக் கெஞ்சுவார். எலிசபெத் குத்திக் குத்திப் பேசுவார். பொறுத்துப் பார்த்த மேரி ஒரு கட்டத்தில் வெடித்துவிடுவார். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

வரலாற்றில் அந்தச் சந்திப்பு நடக்கவே இல்லை. இருவரும் ஒரே தீவில் ஆண்டவர்கள், இரத்த உறவுக்காரர்கள், ஆண்டுக்கணக்கில் ஒருவருக்கொருவர் ‘சகோதரி’ என்று விளித்துக் கடிதம் எழுதிக்கொண்டவர்கள். கடைசி 19 ஆண்டுகள் மேரி எலிசபெத்தின் நாட்டிலேயே, எலிசபெத்தின் காவலிலேயே இருந்தார். ஆனாலும் ஓவியத்தில் பார்த்ததைத் தவிர ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. என்னைக் கேட்டால், மேரியின் கதையில் நெஞ்சைப் பிசைவது இதுதான். அந்தச் சந்திப்பைக் கற்பனையாக நடத்திக் காட்டும் நாடகம், அவர் கேட்டுக் கேட்டும் கிடைக்காத ஒன்றை ஒரே காட்சியில் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. அதனால் கதையின் ஆணிவேரே ஆட்டம் காண்கிறது. எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

மேரி 1542 டிசம்பர் 8 அன்று லின்லித்கோ அரண்மனையில் பிறந்தார். ஆறே நாளில் தந்தை ஐந்தாம் ஜேம்ஸ் இறந்துபோக, தொட்டிலில் கிடந்த குழந்தை நாட்டுக்கு ராணியானது. ஐந்து வயதில் பிரான்சுக்கு அனுப்பப்பட்டு அந்த அரசவையிலேயே வளர்ந்தார். 1558இல் பட்டத்து இளவரசர் பிரான்சிஸை மணந்தார், அடுத்த ஆண்டே பிரான்சுக்கும் ராணியானார். 1560 டிசம்பர் 5 அன்று கணவர் இறந்தார். மேரிக்கு 18 வயது நிறைய அப்போது இன்னும் மூன்று நாள் இருந்தது.

எலிசபெத்துக்கு மேரி என்ன உறவு என்று தமிழில் சொன்னால் சட்டென்று விளங்கும்: அத்தை பேத்தி. எலிசபெத்தின் தந்தை எட்டாம் ஹென்றியின் அக்கா மார்கரெட் ஸ்காட்லாந்தில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய மகன் வயிற்றுப் பேத்திதான் மேரி. எலிசபெத் பிள்ளையில்லாமல் இறந்தால், இரத்த உரிமைப்படி இங்கிலாந்து அரியணை மேரிக்கு வரவேண்டும். கத்தோலிக்கர்கள் அதுவரைகூடக் காத்திருக்கவில்லை. ஹென்றி ஆன் பொலினை மணந்ததே செல்லாது, அந்த மணத்தில் பிறந்த எலிசபெத்துக்கு உரிமையே கிடையாது, இன்றைக்கே மேரிதான் ராணி என்றார்கள். மேரியின் மாமனார், பிரெஞ்சு மன்னர் இரண்டாம் ஹென்றி, மருமகளின் சின்னத்தில் இங்கிலாந்தின் அரசச் சின்னத்தையும் சேர்த்து வரையச் செய்தார். பதின்வயதுப் பெண்ணின் பெயரில் பெரியவர்கள் ஆடிய ஆட்டம் அது. அதற்கான விலையை வாழ்நாள் முழுதும் கொடுத்தது அந்தப் பெண்.

1561 ஆகஸ்டில் மேரி ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தில் வந்திறங்கினார். நாடு அதற்குள் புராட்டஸ்டன்ட் ஆகியிருந்தது, ராணியோ கத்தோலிக்கர். ‘நேரில் பார்த்துப் பேசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று அவர் உறுதியாக நம்பினார். 1562 கோடையில் வட இங்கிலாந்தில் இரு ராணிகளும் சந்திப்பது என்று ஏற்பாடே ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்துப் பிரான்சில் மதப்போர் மூண்டது. வாஸியில் புராட்டஸ்டன்ட்டுகளைக் கொன்று குவித்தது மேரியின் தாய்மாமன் கீஸ் பிரபுவின் ஆட்கள். அந்தக் குடும்பத்துப் பெண்ணோடு எலிசபெத் விருந்தாட முடியாத நிலை. ஜூலையில் எலிசபெத்தின் தூதர் சர் ஹென்றி சிட்னி வந்து, சந்திப்பு தள்ளிப்போகிறது என்று தெரிவித்தார். மேரி அன்று படுக்கையை விட்டு எழாமல் அழுதார். அவருக்கு அப்போது 19 வயது. அதன்பிறகு அந்தச் சந்திப்பு கைகூடவே இல்லை. இந்தக் காட்சியை எடுத்த படம் எதையும் நான் பார்த்ததில்லை. பயணத்துக்குத் தயாராக இருந்த ஒரு பெண், வாசலில் வந்து நிற்கும் தூதர், ஒரு மன்னிப்புச் சொல். நடிக்கத் தெரிந்த ஒருவருக்கு இது போதும்.

அடுத்த ஐந்தாறு ஆண்டுகளைத்தான் நாடகக்காரர்கள் விழுந்து விழுந்து எழுதியிருக்கிறார்கள். எனவே சுருக்கமாகவே சொல்கிறேன். 1565இல் டார்ன்லி பிரபுவோடு இரண்டாம் திருமணம். 1566 மார்ச் 9 இரவு, ஆறு மாதக் கர்ப்பிணியான ராணியின் கண்முன்னே அவருடைய செயலர் டேவிட் ரிச்சியோவை டார்ன்லியும் கூட்டாளிகளும் இழுத்துப்போய்க் குத்திக் கொன்றார்கள். ஜூனில் மகன் ஜேம்ஸ் பிறந்தான். 1567 பிப்ரவரி 10 அதிகாலை, எடின்பரோவில் டார்ன்லி தங்கியிருந்த வீடு வெடிமருந்தால் தகர்ந்தது. அவர் உடல் தோட்டத்தில் கிடந்தது, வெடியில் இறந்ததற்கான காயம் ஏதும் அதில் இல்லை. கொலைக்குக் காரணம் என்று ஊரே கைகாட்டிய பாத்வெல் பிரபுவை மூன்று மாதத்தில் மேரி மணந்தார். அது காதலா, கடத்திப்போய்க் கட்டாயப்படுத்தியதா என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. மேரியின் குற்றத்துக்குச் சான்றாக எதிரிகள் காட்டிய ‘வெள்ளிப்பேழைக் கடிதங்க’ளின் மூலப்படிகள் மறைந்துவிட்டன. நமக்கு மிஞ்சியிருப்பவை நகல்களும் மொழிபெயர்ப்புகளும்தான். பிரபுக்கள் கிளர்ந்தெழுந்து அவரை லாக்லெவன் ஏரித்தீவில் சிறைவைத்து, ஒரு வயதுக் குழந்தைக்கு முடிசூட்டினார்கள்.

1568 மே மாதம் மேரி தப்பித்தார். லாங்சைடு போரில் தோற்றார். மே 16 அன்று ஒரு மீன்பிடி படகில் சால்வே கழிமுகத்தைக் கடந்து இங்கிலாந்துக் கரையில் இறங்கினார். கூட வந்தவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள். பிரான்சுக்குப் போயிருக்கலாம். அங்கே சொத்து இருந்தது, சொந்தம் இருந்தது. அவர் நம்பியது எலிசபெத்தை. மாற்று உடைகூட இல்லாமல் வந்தவர் முதலில் கேட்டதும் எலிசபெத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத்தான்.

எலிசபெத் மறுத்தார். கணவரைக் கொன்ற பழி நீங்கும்வரை சந்திக்க இயலாது என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்த கணக்கு வேறு. ராணி ஒருவரை ராணி என்ற முறையில் எதிர்கொண்டு அணைத்தாலே அது அங்கீகாரம். அதன்பிறகு அவரைச் சிறையில் வைக்க முடியாது, படை கொடுத்து அரியணையில் ஏற்றிவிட வேண்டியிருக்கும். விட்டுவிட்டாலோ பிரான்சுக்கோ ஸ்பெயினுக்கோ போய்ப் படையோடு திரும்பி வருவார். பார்க்காமல் இருப்பது எலிசபெத்துக்கு ஒரு கொள்கையாகவே ஆனது. கோபமோ பொறாமையோ இல்லாமலேயே அந்த மறுப்பை விளக்கிவிடலாம். மேடைகள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

பிறகு 19 ஆண்டுகள். போல்டன், டட்பரி, ஷெஃபீல்டு, சார்ட்லி என்று கோட்டை மாற்றிக் கோட்டை. ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஷ்ரூஸ்பரி பிரபுவின் பொறுப்பில் இருந்தார். மூட்டுவாதத்தால் நடை போனது. மேரி ஊசியைக் கையில் எடுத்தார். பிரபுவின் மனைவி பெஸ்ஸோடு உட்கார்ந்து நூற்றுக்கு மேற்பட்ட துணித் துண்டுகளில் விலங்கும் பறவையும் செடியும் தைத்தார். அவற்றில் ஒன்று எலியோடு விளையாடும் செம்பட்டை நிறப் பூனை. எலிசபெத்தின் தலைமுடியும் செம்பட்டைதான் என்பதால், பூனை யார், எலி யார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கையால் 1574இல் எலிசபெத்துக்கென்று சிவப்புப் பட்டில் வெள்ளியிழை ஓட்டி ஒரு பாவாடையும் தைத்து அனுப்பினார். சிறைப்பட்டவள் சிறைவைத்தவளின் அளவுக்குத் துணி வெட்டி, தையல் தையலாக உழைத்திருக்கிறாள். இந்த 19 ஆண்டுகளைத்தான் பெரும்பாலான படங்கள் ‘பல ஆண்டுகளுக்குப் பிறகு’ என்ற ஒற்றை வரியில் தாண்டிவிடுகின்றன.

கற்பனைச் சந்திப்பைப் புகழ்பெறச் செய்தவர் ஜெர்மானிய நாடகாசிரியர் ஷில்லர். அவருடைய நாடகம் 1800 ஜூன் 14 அன்று வைமாரில் அரங்கேறியது. மேரியின் கடைசி நாட்கள்தான் கதை. நடுவில், மூன்றாம் அங்கத்தில், சிறைக்கோட்டைத் தோட்டத்தில் இரு ராணிகளும் சந்திக்கிறார்கள். அப்போது உண்மையில் மேரிக்கு 44 வயது, எலிசபெத்துக்கு 53. ஷில்லரோ மேரிக்கு 25 வயதும் எலிசபெத்துக்கு அதிகம் போனால் 30 வயதும் இருக்கும்படி நடிகைகளைப் போடச் சொன்னார். வரலாறு தெரியாமல் செய்ததல்ல இது. அவர் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். மேடைக்கு இரண்டு முகங்கள் தேவைப்பட்டன, கொடுத்தார். அந்த நாடகம் மகத்தானது என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அவருடைய கவிதையை விட்டுவிட்டுச் சந்திப்பை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

இத்தாலிய இசையமைப்பாளர் டோனிசெட்டியின் ஓபரா (இசை நாடகம்) ஷில்லரின் வழியிலேயே போகிறது. 1834இல் நேப்பிள்ஸ் ஒத்திகையில் அந்த வசைக்காட்சியின்போது இரண்டு பாடகிகளும் நிஜமாகவே அடித்துக்கொண்டார்கள். அரசர் நாடகத்தைத் தடைசெய்தார். மறு ஆண்டு டிசம்பர் 30 அன்று மிலானின் லா ஸ்காலாவில் மேரியாகப் பாடிய மரியா மாலிப்ரான், தணிக்கை வெட்டச் சொன்ன வசையை வெட்டாமலே பாடினார். திரைப்படங்களும் அதே தடத்தில்தான். 1936இல் ஜான் ஃபோர்டு இயக்கத்தில் கேதரின் ஹெப்பர்ன் நடித்தபோது எலிசபெத் சிறைக்கே வருகிறார். 1971இல் வனேசா ரெட்கிரேவும் கிளெண்டா ஜாக்சனும் இரண்டு முறை சந்திக்கிறார்கள். 2018இல் சர்ஷா ரோனனும் மார்கோ ராபியும் நடித்த படத்தில் சந்திப்பு ஒரு குடிசைக்குள் நிகழ்கிறது. மேலிருந்து தொங்கும் மெல்லிய துணிகளுக்கு நடுவே ஒருவர் குரலை ஒருவர் தேடிப்போகிறார்கள். ‘முகம் பார்க்க முடியாமை’ என்ற உண்மையை அந்தத் திரைகள் கொஞ்சமாவது தொடுகின்றன. இயக்குநர் ஜோசி ரூர்க் நாடக மேடையிலிருந்து வந்தவர் என்பது அதில் தெரிகிறது. ஆனால் கடைசியில் திரை விலகிவிடுகிறது. அதே படத்தில் மேரி தடித்த ஸ்காட்டிஷ் உச்சரிப்பில் பேசுவார். 13 ஆண்டுகள் பிரான்சில் வளர்ந்தவர் அப்படிப் பேசியிருக்க வாய்ப்பு குறைவு.

கற்பனை கூடாது என்று நான் சொல்லவில்லை. கற்பனை இல்லாமல் வரலாற்று நாடகமே கிடையாது. இந்தக் கற்பனை கதையை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதே என் கேள்வி. இரண்டு பெண்களை எதிரெதிரே நிறுத்திய அடுத்த நொடி, யார் அழகு, யாருக்குப் பிள்ளை இருக்கிறது, யாரை ஆண்கள் விரும்புகிறார்கள் என்ற பேச்சு வந்துவிடுகிறது. மதம், வாரிசுரிமை, உளவு, ஸ்பெயினின் கப்பற்படை எல்லாம் பின்னணித் திரைச்சீலையாகிவிடுகின்றன. அரசாட்சி பற்றிய கதை சக்களத்திச் சண்டையாகச் சுருங்குகிறது. அரசன் முன் நின்று நீதி கேட்ட பெண்ணை நமக்குத் தெரியும். ஒற்றைச் சிலம்போடு வந்த கண்ணகிக்குப் பாண்டியனின் வாயில் திறந்தது. மேரிக்கு அந்த வாயில் கடைசிவரை திறக்கவில்லை. கேட்க வேண்டியவர் காதில் விழாத வழக்கு அவருடையது.

அவரை வீழ்த்தியதும் நேரில் வந்த எதிரி இல்லை, காகிதம்தான். 1585இல் மேரியின் கடிதப் போக்குவரத்து முழுவதும் அடைக்கப்பட்டது. ராணியின் உயிருக்கு எதிராக யாருக்காகச் சதி நடக்கிறதோ அவர்மீதும் நடவடிக்கை எடுக்கலாம் என்று அதே ஆண்டு சட்டமும் வந்தது. பிறகு திடீரென்று ஒரு வழி திறந்தது. சார்ட்லிக்குப் பீர் கொண்டுவரும் மதுக்காரர், பீப்பாயின் அடைப்புத் துளைக்குள் நீர் புகாத பொதியில் கடிதங்களைச் செருகிக் கொண்டுவந்தார். மேரிக்கு மூச்சு வந்தது போலாயிற்று. அந்த வழியைத் திறந்துவிட்டதே எலிசபெத்தின் உளவுத் தலைவர் வால்சிங்கம் என்பது அவருக்குத் தெரியாது. தூது போன கில்பர்ட் கிஃபர்டு வால்சிங்கத்தின் ஆள். இரண்டு பக்கமும் கைநீட்டிய மதுக்காரருக்குக் காவலர்கள் வைத்த பெயர் ‘நேர்மையான மனிதர்’. அவர் போதாக்குறைக்குப் பீர் விலையையும் ஏற்றிக் கேட்டார்.

உள்ளே போன ஒவ்வொரு கடிதமும், வெளியே வந்த ஒவ்வொரு கடிதமும் தாமஸ் ஃபெலிப்ஸ் என்ற சங்கேத நிபுணரின் மேசைக்குப் போனது. 1586 ஜூலையில் அவர் சார்ட்லிக்கே வந்து தங்கினார். ஒருநாள் வண்டியில் உலாப் போன மேரி எதிரே வந்த அவரைப் பார்த்தார். ஃபெலிப்ஸ் புன்னகைத்தார். அம்மைத் தழும்பு விழுந்த முகம், மஞ்சள் முடி, கிட்டப்பார்வை என்று அவர் தோற்றத்தை மேரி எழுதியே வைத்திருக்கிறார். எலிசபெத்தோடு நடக்காத சந்திப்பை எழுதி எழுதிச் சலிக்காத நாடகாசிரியர்கள், நிஜமாகவே நடந்த இந்தச் சந்திப்பை எப்படி விட்டுவைத்தார்கள் என்பது எனக்குப் புரியவே இல்லை. தன் இரகசியங்களை வரிவரியாகப் படிப்பவர் என்று அறியாமல் அவரை மேரி உற்றுப் பார்க்கிறார். அவரோ சிரிக்கிறார்.

சில நாட்களில், ஜூலை 17 தேதியிட்ட கடிதத்தில், மேரியை விடுவிக்க முனைந்த கத்தோலிக்கர் அந்தோணி பாபிங்டனின், எலிசபெத்தைக் கொல்வது உள்ளிட்ட திட்டத்துக்கு மேரியின் பதில் போனது. ஃபெலிப்ஸ் அதன் நகலின் மேல் ஒரு தூக்குமரம் வரைந்து அனுப்பினார். சதியில் உள்ள ஆறு பேரின் பெயர்களைக் கேட்கும் பின்குறிப்பு ஒன்றையும் மேரியின் சங்கேதத்திலேயே போலியாக எழுதிச் சேர்த்தார்கள். மேரி அப்பாவி என்று சொல்ல நான் வரவில்லை. 18 ஆண்டுச் சிறைக்குப் பிறகு கிடைத்த கயிறு எதுவானாலும் அவர் பிடித்திருப்பார். அது சுருக்குக் கயிறாக இருந்தது.

அக்டோபர் 14, 15 தேதிகளில் ஃபோதரிங்கே கோட்டையில் விசாரணை. வழக்கறிஞர் கிடையாது, அவருடைய காகிதங்களும் அவர் கையில் இல்லை. மண்டபத்தின் தலைமாட்டில் விதானம் கட்டி ஒரு சிம்மாசனம் போட்டிருந்தார்கள். அது எலிசபெத்துக்கானது. இரண்டு நாளும் அது காலியாகவே இருந்தது. நொண்டி நொண்டி வந்த மேரிக்குத் தள்ளி ஒரு நாற்காலி. உலகம் என்னும் மேடை இங்கிலாந்தைவிடப் பெரியது, மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று நீதிபதிகளிடம் சொன்னார். எந்த நாடகாசிரியரும் அமைத்துத் தரமுடியாத மேடையமைப்பு அந்தக் காலி ஆசனம். சந்திப்புக் காட்சி வேண்டுமானால் அதை வைத்து எழுதலாமே.

கடைசிக் கட்டத்திலும் எலிசபெத் நேரே நிற்கவில்லை. 1587 பிப்ரவரி 1 அன்று மரண தண்டனை ஆணையில் கையெழுத்திட்டார். அதே கையோடு, ஆணையெல்லாம் வேண்டாம், ஓசையின்றி முடித்துவிட முடியுமா என்று காவல் பொறுப்பிலிருந்த ஏமியாஸ் பௌலெட்டிடம் கேட்கச் செய்தார். கடும் புராட்டஸ்டன்ட்டான, மேரியைக் கண்டாலே ஆகாத பௌலெட், தன் மனசாட்சியைக் கவிழ்க்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அவையினர் எலிசபெத்திடம் சொல்லாமலே ஆணையை அனுப்பினார்கள். தண்டனை நிறைவேறிய செய்தி வந்ததும் எலிசபெத் அழுது ஆர்ப்பரித்து, செயலர் டேவிசனைச் சிறைக்கு அனுப்பினார்.

பிப்ரவரி 7 மாலை, காலையில் தலை போகும் என்று மேரியிடம் சொன்னார்கள். விடிய விடிய எழுதினார். பிரெஞ்சு மன்னரான கொழுந்தன் மூன்றாம் ஹென்றிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், தன் பணியாளர்களுக்குச் சம்பளம் கிடைக்கச் செய்யுமாறு கேட்டிருக்கிறார். காலையில் கறுப்பு மேலாடையைக் களைந்தபோது உள்ளே இரத்தச் சிவப்பு உடை இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் மறைசாட்சியின் நிறம் அது. கோடரி முதல் வெட்டில் குறி தவறியது. கொலைஞர் தலையைத் தூக்கிக் காட்டியபோது கையில் பொய்முடி மட்டும் வந்தது, கட்டையாக வெட்டிய நரைமுடியோடு தலை கீழே விழுந்தது. பாவாடை மடிப்புக்குள்ளிருந்து அவர் வளர்த்த சின்ன நாய் வெளியே வந்தது. அங்கே நின்றவர்களில் ஷ்ரூஸ்பரி பிரபுவும் ஒருவர். நினைவுப் பொருளாக எதுவும் மிஞ்சக்கூடாது என்று இரத்தம் பட்டதையெல்லாம் எரித்தார்கள்.

இன்னும் புதிதாக எழுத விரும்புகிறவர்களுக்குப் பொருள் தீர்ந்துவிடவில்லை. 2023இல் மூன்று சங்கேத ஆய்வாளர்கள் பிரான்சின் தேசிய நூலகத்தில் இத்தாலி விவகாரம் என்று பட்டியலிடப்பட்டுக் கிடந்த தாள்களை உடைத்துப் படித்தார்கள். 1578 முதல் 1584 வரை மேரி எழுதிய 57 கடிதங்கள் அவை. பெரும்பாலானவை பிரெஞ்சுத் தூதர் காஸ்டெல்னோவுக்கு எழுதியவை. மொத்தம் ஏறத்தாழ 50,000 சொற்கள். விடுதலைப் பேச்சுவார்த்தை, உடல்நலக் குறை, காவலின் கெடுபிடி, வால்சிங்கத்தின் மேல் அவநம்பிக்கை என்று நாள்தோறும் உள்ள பாடு அவற்றில் இருக்கிறது. 1582 ஆகஸ்டில் ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் ஜேம்ஸைப் பிடித்துவைத்த செய்தி கேட்டுத் தாய் துடித்த துடிப்பும் இருக்கிறது. அவனுக்கு அப்போது 16 வயது. மேரி அவனைக் கடைசியாகப் பார்த்தது ஸ்டிர்லிங் கோட்டையில், அவன் பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது.